ஆர் வைச்சிருந்த கார்?

2019இல் நெல்லியடியில் ஒருவர் வகன் ஆர் கார் ஒன்றை வாங்கி, நாலு வருஷம் ஓட்டி, ரயர் தேய்ந்து, சீற் வெளிறி, பம்பரில் இரண்டு கீறலும் விழுந்த பிறகு விற்றிருந்தால், வாங்கிய விலையைவிடக் கூடுதலான காசு அவருடைய கைக்கு வந்திருக்கும். அதை அவருடைய கெட்டித்தனம் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. உலகத்தின் பெரும்பாலான இடங்களில் கார் என்பது கடை வாசலைத் தாண்டிய நிமிடத்திலிருந்தே விலை இறங்கத் தொடங்கும் பொருள். இங்கே பழசாகப் பழசாக ஏறியது. இரும்பும் அதேதான், இயந்திரமும் அதேதான். அப்படியென்றால் விலை காரின் எந்தப் பாகத்தில் இருக்கிறது?

பாதி விடை கொழும்பில் இருக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபா விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. புதுக் கார் வரவில்லை, வந்தாலும் பழைய விலைக்கு வராது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பழைய கார் ஒன்றின் விலை, அதற்கு முந்தின உரிமையாளர் எவ்வளவு கொடுத்தார் என்பதால் தீர்மானமாவதில்லை. அதைப் போன்ற இன்னொன்றை இன்றைக்கு இறக்க எவ்வளவு முடியும் என்பதே அதன் அளவுகோல். விலை பேசப் போகிறவர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது இதைத்தான். விற்பவர் சொல்லும் தொகையை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

அந்தக் கணக்கில் பெரும்பங்கு வரி. வரிகளுக்குள்ளே கனமானது உற்பத்தி வரி. அது இயந்திரத்தின் சிசி அளவைக் கொண்டு படிப்படியாக ஏறுகிறது. ஆயிரம் சிசி ஒரு படி. எங்கள் வீதிகளில் 658 சிசி வகன் ஆரும், 996 சிசி விற்ஸும், அதே 996 சிசி றைஸும் இத்தனை தெரிவதற்கு அந்தப் படி ஒரு பெரிய காரணம். ஆயிரத்துக்கு நாலு சிசி குறைவாக ஒரு யப்பானியப் பொறியியலாளர் வரைந்த இயந்திரம், அவர் ஒருநாளும் கண்டிராத வடமராட்சியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தீர்மானிக்கிறது. வர்த்தமானி ஒன்று வந்தால், நேற்று இரவு முற்றத்தில் நிறுத்திய கார் இன்று காலை வேறு விலைக்கு உரியதாகிவிடும். அதை யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

இந்தத் தீவில் கதவு மூடியது இது முதல் தடவை அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை அந்த இறுக்கம் நீடித்தது. அதற்கு முன் வந்திறங்கியிருந்த பிரித்தானியக் கார்களைத்தான் ஒரு தலைமுறை முழுக்கத் திருத்தித் திருத்தி ஓடியது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளை அறிந்த கார்கள் அவை. கலியாண வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் ஓடிய அந்தக் கார்களுக்குத் திரும்பவும் ஒரு சோதனை வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பொருளாதாரத் தடை வந்தது, குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காத பொருளாயிற்று.

அப்போது இவை மண்ணெண்ணெயில் ஓடின. அதை நேரில் கண்ட தலைமுறைக்கு அது அன்றாடக் காட்சி. உள்ளே நடந்ததோ அழகான இரசாயனம். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், ஒரு பொறி பட்டால் போதும். மண்ணெண்ணெய் அப்படியில்லை. ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேலே சூடேறினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது துளியாகவே கிடக்கும். ஆகவே சாரதி சிறிய போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். பொனற்றைத் தூக்கி, காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பீச்சி, இயந்திரத்தைக் கிளப்புவார். அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் தானாகவே ஆவியாகி எரியத் தொடங்கும். வெண்புகையும் அந்த மணமும் வீதியெல்லாம் நிற்கும்.

எல்லாக் காராலும் இது முடியாது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் எண் குறைவு, அழுத்தினால் பொறிக்கு முன்னரே தானாக வெடிக்கும். ஏ40 சமர்செற்றின் இயந்திரம் காற்றையும் எரிபொருளையும் ஏழில் ஒரு பங்காகத்தான் அழுத்துகிறது. இன்றைய ரொயோட்டா அக்குவாவில் அந்த அழுத்தம் பதின்மூன்று மடங்குக்கும் மேலே. அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால் பிஸ்ரன் சம்மட்டியடி வாங்கும். பழைய தொழில்நுட்பம் என்று மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட அந்தக் குறைந்த அழுத்தமே இங்கே உயிர் காத்த குணமாயிற்று. காரின் பெறுமதி அதன் வயதில் இல்லை, ‘இந்த ஊரில், இந்த நேரத்தில் இது என்ன செய்யும், இதற்கு மாற்றாக என்ன கிடைக்கும்’ என்பதில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவை அந்தக் கார்கள்தான்.

இனி விடையின் மற்றப் பாதிக்கு வருவோம். இறக்குமதி, வரி, டொலர் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், ஒரே வருஷத்து ஒரே நிறத்து இரண்டு வகன் ஆர்களுக்கு நெல்லியடியில் இரண்டு விலை. ஏன்?

ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற இளம் அமெரிக்கப் பொருளியலாளர் 1960களில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. அற்பமான விடயம் என்றது ஒன்று. இது சரியென்றால் உலகத்தில் எந்தப் பொருளையுமே விற்க முடியாமல் போகும், ஆகவே பிழை என்றது இன்னொன்று. 1970இல் ஒருவழியாக அச்சேறிய அந்தக் கட்டுரைக்காக, 2001இல் மைக்கல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். விற்பனைக்குப் பத்து கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் 60 லட்சம் பெறும். ஐந்து உள்ளே நோயுள்ளவை, 40 லட்சம் பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நடுவாக 50 லட்சம்தான் கேட்பார். நோயுள்ள காரின் சொந்தக்காரருக்கு அது கொள்ளை இலாபம், உடனே சம்மதம். நல்ல கார் வைத்திருப்பவர், “அம்பதுக்கோ? நான் வைச்சு ஓடுறன்” என்று வீட்டுக்குப் போய்விடுவார். எஞ்சி நிற்பவை நோயுள்ளவை மட்டும். அது விளங்கியவுடன் வாங்குபவர் 40க்கு இறங்குவார். நல்ல கார் விற்க விரும்பியவரும் நல்ல கார் வாங்க விரும்பியவரும் ஒரே சந்தியில் தேநீர் குடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் நம்ப வழியில்லாமல் பிரிந்து போகிறார்கள். ஒருவருமே பொய் சொல்லவில்லை. ஐமிச்சம் மட்டும்தான் இருந்தது. நல்ல காரின் விலையில் 20 லட்சத்தை அது தின்றுவிட்டது.

நல்ல விலைக்கு வாங்குவது என்பதும் நல்ல விலைக்கு விற்பது என்பதும் ஒரே வேலைதான் என்று நான் நம்புவது இதனால்தான். ஐமிச்சம் குறையக் குறைய இரண்டு பேருக்கும் பங்குபோட மிச்சம் கூடுகிறது.

வடமராட்சியில் கார் பார்க்கப் போனால் எத்தனையாம் ஆண்டு, எத்தனை கிலோமீற்றர் என்பவை பிறகுதான் வரும். முதல் கேள்வி, “அண்ணை, இது ஆர் வைச்சிருந்த கார்?” “மாஸ்ரர் ஒராள் வைச்சிருந்தவர், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்தான் ஓடினது” என்றால் விலை நிமிரும். “டொக்டர் பாவிச்சது” என்றாலும் அப்படியே. இதை ஊர்ப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. அக்கர்லொவுடன் பரிசு பெற்ற ஸ்பென்ஸ் ஆராய்ந்தது இதைத்தான்: ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமானால், பொய்யாகக் காட்டுவதற்கு அது செலவு மிக்கதாக இருக்கவேண்டும். மாஸ்ரர் கரவெட்டியில் இருக்கிறார், பின்னேரம் போய்க் கேட்கலாம். விற்பவரும் வாங்கியவரும் அடுத்த கிழமை நெல்லியடிச் சந்தையில் முகம் பார்க்க வேண்டும். பொய்யின் செலவு இங்கே அதிகம். வெள்ளவத்தையிலிருந்து இணையத்தில் படம் பார்த்து வாங்குபவருக்கு இந்த வசதி இல்லை.

இந்தச் சங்கிலியை அறுக்கும் ஒன்று உண்டு: ஓப்பன் பேப்பர். கார் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், முந்தின உரிமையாளர் ஒப்பமிட்டுக் கொடுத்த படிவத்தோடு அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றுவார். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் மூன்று கைக்கு முந்தியதாக இருக்கலாம். நடுவில் அந்தக் கார் எங்கே மோதியது, யாருக்கு அடகு போனது என்று கேட்க ஆளே இல்லை. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவு, கேட்க ஆளில்லாததற்கான விலை. புத்தகத்தில் லீசிங் கம்பனி ஒன்று முழு உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்து அதன் பெயர் நீங்கும்வரை கார் விற்பவருடையது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இலக்கத்தகட்டின் எழுத்துகளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த எழுத்துகள் இங்கே முதன்முதல் பதிந்த காலத்தைச் சொல்பவை, தயாரித்த ஆண்டை அல்ல. இரண்டும் புத்தகத்தில் தனித்தனியாக எழுதியிருக்கும்.

யப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களுக்கு மாஸ்ரரைப் போய்க் கேட்க முடியாது. அங்கே அந்த வேலையைச் செய்வது ஏலத்தாள். ஏல நிலையத்தின் பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து, ஒரு சிறு வரைபடத்தில் குறியீடு இடுவார்: கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, திருத்திய தகட்டுக்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு எக்ஸ்எக்ஸ். முழுக் காருக்கும் 4, 4.5 என்று ஒரு தரம். மோதித் திருத்தியதென்றால் ஆர். இந்தக் கார் விற்றாலும் விற்காவிட்டாலும் பரிசோதகருக்கு நட்டம் இல்லை, தாளின் பலமே அதுதான். ஆனால் தாளைப் போலியாகவும் அச்சடிக்கிறார்கள். விற்பவர் நீட்டும் பிரதியை நம்பாமல், செசி இலக்கத்தைக் கொடுத்து மூலத்தாளை வேறாக எடுத்துப் பார்க்கச் சில ஆயிரம் ரூபா செலவழிப்பது, கார் வாங்குவதில் மிக இலாபமான செலவு.

பிறகு காரே பேசும். காலையில் போக வேண்டும், “ஸ்ரார்ட் பண்ணி வைக்காதேங்கோ” என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இயந்திரம் எழுப்பும் சத்தத்தை உங்களுக்குக் கேட்காமல் செய்துவிட்டார்கள். குளிர்ந்திருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கூலன்றுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓடிய காரில், கேத்தலின் அடியில் படிவதுபோல் வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றர் வாயில் படிந்திருக்கும். அதே படிவு கண்ணுக்குத் தெரியாத ஒடுங்கிய குழாய்களையும் அடைத்திருக்கும். பச்சையோ சிவப்போ தெளிவான நிறத்தில் கூலன்ற் தெரிந்தால், இவர் மற்றவற்றையும் ஒழுங்காகத்தான் பார்த்திருப்பார் என்று ஓரளவு நம்பலாம். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடலோரத்தில் நின்ற கார் என்றால் கதவின் கீழ்விளிம்பிலும் சில்லுக்கு மேலான வளைவின் உட்பக்கத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். உப்புக்காற்றின் வேலை அங்கேதான் தொடங்கும்.

மீற்றர் குறைத்தது என்ற ஐமிச்சம் வந்தால் ரயரைப் பாருங்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. 2019இல் செய்த கார் 30,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்று மீற்றர் சொல்ல, நாலு ரயரும் 2023இல் செய்தவை என்றால், பழைய ரயர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் என்ன நடந்தது என்று கேட்கலாம். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகளும் அப்படித்தான். ஒன்று மட்டும் வேறு ஆண்டைச் சொன்னால், அந்தப் பக்கம் ஒருகாலத்தில் உடைந்திருக்கிறது. அக்குவா போன்ற ஹைபிரிட் என்றால் பின்சீற்றின் பக்கத்தில் ஒரு காற்றுத்துளை இருக்கும், மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று அதனால்தான் போகிறது. தூசு அடைத்து, அதன்மேல் பையையும் வைத்து எங்கள் வெயிலில் ஓடிய காரின் மின்கலத்துக்கு ஆயுள் குறைவு.

மீற்றரைப் பற்றி இன்னொரு வியப்பு. லசெட்டெரா, போப், சிட்னர் என்ற மூவர் அமெரிக்காவில் 2 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட மொத்தவிலைக் கார் விற்பனைகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மைல் கூடக்கூட விலை மெதுவாகச் சரிகிறது, அது எதிர்பார்த்தது. ஆனால் ஒவ்வொரு பத்தாயிரம் மைலைத் தாண்டும் இடத்திலும் விலை திடீரென்று ஒரு படி விழுகிறது. 79,900க்கும் 80,100க்கும் இடையில் இயந்திரத்துக்கு ஒன்றும் நடப்பதில்லை. கண் முதல் இலக்கத்தை மட்டும் வாசிக்கிறது. எங்களிடம் ஒரு லட்சம் கிலோமீற்றர் அப்படியான ஒரு எல்லை. நான் வாங்குபவரின் பக்கம் நின்றால், 98,000 ஓடிய காரை விட்டுவிட்டு 1,02,000 ஓடியதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மனம் செய்யும் இன்னொரு வேலையை 1974இல் ற்வெர்ஸ்கியும் கானமனும் காட்டினார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் 10 விழுந்தவர்களிடமும் 65 விழுந்தவர்களிடமும், ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டார்கள். 10ஐக் கண்டவர்களின் நடு மதிப்பு 25, 65ஐக் கண்டவர்களின் நடு மதிப்பு 45. சக்கரத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் காதில் விழுந்த எண் மனத்தை இழுத்துவிட்டது. கார்க்காரர் முதலில் “எழுபத்தைஞ்சு” என்று சொல்லிவிட்டால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே நடக்கும். இறக்குமதிக் கணக்கைப் போட்டு, இன்னும் இரண்டு கார்களைப் பார்த்து, உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி மடித்துக்கொண்டு போனால் அந்த இழுப்புக் குறையும். இரண்டாவது கார் ஒன்று உண்மையாகவே கையில் இருப்பதைவிடப் பெரிய பேரம் பேசும் திறமை கிடையாது.

யார் பேசுகிறார் என்பதும் விலையில் இருக்கிறது. இயன் ஏயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிக்காகோவில் ஒரே மாதிரிப் பயிற்றப்பட்ட ஆட்களை ஒரே மாதிரியான புதுக் கார்களுக்கு விலைபேச அனுப்பி, 1991இல் முடிவை எழுதினார். பேசிய வசனங்கள் ஒன்றுதான். ஆனால் வெள்ளை ஆண்களைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடிய விலை சொல்லப்பட்டது. எங்கள் ஊரில் இதன் இன்னொரு வடிவம், ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது. வெளிநாட்டுக் காசு என்று விளங்கியவுடன் விலை ஏறும். தனியாகப் போகும் பெண்ணிடம், அவர் சம்பாதித்த காசுக்கு, அவருக்கே கூட்டிச் சொல்வதும் நடக்கிறது. அது அநியாயம், சொல்லியே ஆகவேண்டும். சித்தப்பாவை வீட்டில் இருத்திவிட்டு, தெரிந்த கராஜ்காரத் தம்பி ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் வாயே திறக்கத் தேவையில்லை, காருக்குக் கீழே குனிந்து பார்த்தாலே போதும்.

லீசிங்கில் எடுப்பவர்களிடம் கேட்கப்படும் கேள்வி, “மாதம் எவ்வளவு கட்ட ஏலும்?” என்பது. அதற்கு விடை சொன்ன நிமிடத்தில் காரின் விலை பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது. 30 லட்சம் கடனுக்கு மாதம் 75,000 வீதம் ஐந்து வருஷம் என்றால் கட்டி முடிப்பது 45 லட்சம். காரின் விலையை முதலில் தனியாக முடித்து, கடனை அதற்குப் பிறகு இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

மின்சாரக் கார்கள் வந்தபிறகு ஐமிச்சம் புதிய இடத்துக்குக் குடிபோயிருக்கிறது. பத்தாண்டுக்கு முன், அவற்றுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் வந்த நிசான் லீஃப்கள் இன்னும் கைமாறுகின்றன. 24 கிலோவோற் மணி மின்கலம், அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை, வெயிலில் வேகமாகத் தளரும். ஆனால் லீஃபில் ஒரு நேர்மையான காட்சி உண்டு. முகப்புப் பலகையில் பன்னிரண்டு சிறு கட்டங்கள், மின்கலத்தின் கொள்ளளவு தளரத் தளர ஒவ்வொன்றாக மறையும். கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போனதும் முதல் கட்டம் போகும். விற்பவருக்குத் தெரிந்த இரகசியம் வாங்குபவரின் கண்முன்னே எரிகிறது. பன்னிரண்டு கட்டத்து லீஃபுக்கு ஒரு விலை, ஒன்பது கட்டத்துக்கு வேறொரு விலை, பேசவே தேவையில்லை.

மின்கலத்தைக் கண்காணிக்கும் கணினியின் பதிவை அழித்துப் பன்னிரண்டையும் திரும்பக் காட்டவைக்கும் வித்தையும் வந்துவிட்டது. அப்படித் திரும்ப வந்த கட்டங்கள் கொஞ்சக் காலம் ஓடியபிறகு தாமாகவே மறையும், அதற்குள் கார் கைமாறியிருக்கும். ஆகவே விபரம் தெரிந்தவர்கள் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் தொலைபேசியில் போட்டு, ஸ்ரியறிங்குக்குக் கீழுள்ள சொக்கற்றில் ஒரு சிறு கருவியைச் செருகி, மின்கல அறைகளின் மின்னழுத்தத்தை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. காரை முழுக்கச் சார்ஜ் பண்ணச் சொல்லி, நெல்லியடியிலிருந்து கொடிகாமம் வீதியால் ஒரு ஓட்டம் போகிறார்கள். பன்னிரண்டு கட்டத்தோடும் நூறு வீதத்தோடும் புறப்பட்டது கொடிகாமத்துக்கு வரும்போது பாதியாகியிருந்தால், வீதியோரத்தில் நிறுத்தி அங்கேயே விலையைத் திரும்பப் பேசுகிறார்கள்.